அம்பாந்தோட்டை சுத்திகரிப்பு நிலையம்: டொலர் கணக்கில் வராத ஒரு வால்வு

2025 ஜனவரியில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க சீனாவுக்கு விஜயம் செய்தபோது, அம்பாந்தோட்டையில் எண்ணெய் சுத்திகரிப்பு நிலையம் அமைப்பதற்கான உடன்படிக்கை சினோபெக் நிறுவனத்துடன் கைச்சாத்திடப்பட்டது. 3.7 பில்லியன் டொலர் முதலீடு, நாளொன்றுக்கு 200,000 பீப்பாய் கொள்ளளவு. அன்றிலிருந்து ஊடகங்களிலும் தேநீர்க் கடைகளிலும் இரண்டு கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன: டொலர் வருமா? சீனாவின் பிடி இறுகுமா? இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் இப்படியொரு நிலையம் கட்டப்பட்டால் பல தசாப்தங்கள் இரவு பகலாக ஓடும். அதை யார் பராமரிப்பார்கள், எப்போது நிறுத்துவார்கள், எந்தப் பழுதை "அடுத்த முறை பார்ப்போம்" என்று தள்ளிப்போடுவார்கள் என்பதைப் பற்றி எவரும் பேசக் காணோம்.

எமக்கு ஏற்கனவே ஒரு சுத்திகரிப்பு நிலையம் உண்டு. 1969 இல் இயங்கத் தொடங்கிய சபுகஸ்கந்த நிலையத்தில், மசகு எண்ணெயின் கனமான பகுதியை ஊக்கியின் உதவியால் உடைத்துப் பெற்றோலாகவும் சமையல் எரிவாயுவாகவும் மாற்றும் அலகு இல்லை. அதனால் அங்கு வரும் ஒவ்வொரு பீப்பாயிலும் கணிசமான பங்கு உலை எண்ணெயாகவே வெளியேறுகிறது. உலை எண்ணெய் பொதுவாக மசகு எண்ணெயை விடவும் மலிவாக விலைபோகும் பொருள். வாங்கிய விலைக்கும் குறைவாக விற்பதற்கு ஒரு தொழிற்சாலை எதற்கு? எனவேதான் உலகின் பெரிய நிலையங்கள் பல ஊக்கி உடைப்பு அலகைத் தமது இலாபத்தின் இருதயமாகக் கருதுகின்றன. ஏற்றுமதியை நம்பிக் கட்டப்படும் ஒரு நிலையம் கனமான எண்ணெயை உடைக்கும் வசதி எதுவுமின்றிப் பிழைப்பது கடினம்.

உயர்தர இரசாயனவியலில் ஊக்கி என்பது தாக்கத்தின் முடிவில் மாறாமல் மீளும் பொருள் என்று எழுதினால் புள்ளி கிடைக்கும். தொழிற்சாலையில் அது அப்படி இலகுவாக மீள்வதில்லை. மாவைப் போன்ற அந்த நுண்ணிய தூள், 500 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் எண்ணெய் ஆவியைச் சந்தித்த சில வினாடிகளிலேயே கரி படிந்து செயலிழந்து விடுகிறது. அந்தத் தூளை இன்னொரு கலத்துக்குக் கொண்டுசென்று, காற்றை ஊதி, ஏறத்தாழ 700 பாகையில் கரியை எரித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். ஆவியோ காற்றோ ஊதப்படும்போது இந்தத் தூள் நீரைப் போல ஓடும். 1942 இல் அமெரிக்காவின் பேட்டன் ரூஜ் நகரில் முதலாவது வணிக அலகு இயங்கத் தொடங்கியதிலிருந்து அடிப்படை இதுதான்.

இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. ஒரு கலத்தில் காற்றில்லாத எண்ணெய் ஆவி. மற்றதில் காற்றும் நெருப்பும். இரண்டையும் பெரிய குழாய்கள் இணைக்கின்றன. அலகு ஓடும்போது, குழாயில் குவிந்து நிற்கும் தூளே அவற்றைப் பிரிக்கும் சுவராக இருக்கிறது. அதன் கீழே தூளின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு நழுவு வால்வு உண்டு. அலகு நிறுத்தப்படும்போது, மூடிய அந்த வால்வின் மேல் தூள் தேங்கி நிற்க வேண்டும். வால்வு தேய்ந்து இடைவெளி விட்டிருந்தால் தூள் முழுவதும் கீழே இறங்கிவிடும், சுவரும் காணாமல் போய்விடும். வருடக்கணக்காக இரவு பகலாக மணல் தாளைப் போல உரசும் தூளுக்கு நடுவே இருக்கும் வால்வு தேயாமல் என்ன செய்யும்?

2015 பெப்ரவரி 18 அன்று கலிபோர்னியாவின் டொரன்ஸ் நகரில், எக்சன்மொபில் நிறுவனத்தின் நிலையத்தில் நடந்தது இதுதான். இரண்டு நாட்களுக்கு முன்னர் புகைவாயுவால் சுழலும் டர்பைன் ஒன்று அதிர்ந்து நின்றது. அலகைக் காத்திருப்பு நிலையில் வைத்து அதைத் திருத்த முயன்றார்கள். ஆறு வருடங்களாக ஓடித் தேய்ந்திருந்த வால்வு தூளைத் தாங்கவில்லை. எண்ணெய் ஆவியைத் தடுத்து நின்றது நீராவியின் அழுத்தம் மட்டுமே. டர்பைனைத் திறந்தபோது அந்த நீராவி வெளியே வந்து வேலை செய்பவர்களுக்கு இடைஞ்சலாக இருந்ததால், அதைக் குறைத்தார்கள். 2012 இல் இதே மாதிரியான வேலைக்காக எழுதப்பட்ட விலக்கு அனுமதி ஒன்று அலுமாரியில் இருந்தது. நிலைமை மாறியிருக்கிறதா என்று ஒழுங்காக ஆராயாமல் அதையே மீண்டும் பயன்படுத்தினார்கள்.

எண்ணெய் ஆவி எதிர்த்திசையில் ஓடி, காற்றுப் பக்கத்தைக் கடந்து, மின்னழுத்தத்தில் இயங்கிக் கொண்டிருந்த தூசு பிடிக்கும் பெட்டியை அடைந்தது. அங்கே தீப்பொறிக்குப் பஞ்சமில்லை. பெட்டி வெடித்துச் சிதறியது. ஏறத்தாழ 40 தொன் எடையுள்ள ஒரு துண்டு, உயிர்கொல்லியான ஐதரோபுளோரிக் அமிலம் இருந்த தாங்கிக்குச் சில அடி தூரத்தில் வந்து விழுந்தது. நால்வர் சிறு காயங்களுடன் தப்பினர். அந்தத் துண்டு தாங்கியில் விழுந்திருந்தால் கதை வேறு. இனி இலாபக் கணக்கைப் பாருங்கள்: நிலையம் ஒரு வருடத்துக்கும் மேலாக முழுக் கொள்ளளவில் இயங்கவில்லை. பெற்றோல் விலை ஏறியதால் கலிபோர்னியா வாகன ஓட்டுநர்கள் கூடுதலாகக் கொடுத்த தொகை 2.4 பில்லியன் டொலர் என மதிப்பிடப்பட்டது. நிலையமும் அடுத்த வருடமே கைமாறியது.

அமெரிக்க இரசாயனப் பாதுகாப்பு விசாரணைச் சபை இதன் இறுதி அறிக்கையை 2017 மே மாதம் பகிரங்கமாக வெளியிட்டது. ஒரு வருடம் நிறையவில்லை. 2018 ஏப்ரல் 26 அன்று விஸ்கொன்சின் மாநிலத்தின் சுப்பீரியர் நகரில் ஹஸ்கி நிறுவனத்தின் நிலையம் வெடித்தது. அதே வகை அலகு, அதே வால்வு, அதே தேய்மானம். இம்முறை திசை மட்டும் மாறியது: காற்று எண்ணெய்ப் பக்கத்துக்குள் புகுந்தது. பராமரிப்புக்காக அலகை நிறுத்திக் கொண்டிருந்த வேளை அது. பறந்த உலோகத் துண்டொன்று தார்த் தாங்கியைத் துளைத்தது. கொட்டிய கொதிதார் சுமார் இரண்டு மணி நேரத்தின் பின் தீப்பற்றியது. 36 பேருக்கு மருத்துவ உதவி தேவைப்பட்டது, 2,500 க்கும் அதிகமான மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர். சேதம் சுமார் 550 மில்லியன் டொலர். புதிய வால்வு ஒன்றின் விலையை இதற்குப் பக்கத்தில் எழுதவே கூச்சமாக இருக்கும்.

ஆனால் வால்வின் மீது மட்டும் பழியைப் போடுவது தவறு. வால்வு தேயும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. தேய்ந்த வால்வை நம்பியிராமல், நடுவே நீராவி அழுத்தத்தைப் போதுமான அளவில் நிறுத்தி வைக்கவும், அதை அளந்து பார்க்கவும், அளவு தவறினால் வேலையை நிறுத்தவும் எழுத்தில் நடைமுறை வேண்டும். அதை ஓட்டுபவர்களுக்கு உண்மையான பயிற்சியும் வேண்டும். இந்த அலகுகள் நான்கைந்து வருடங்களுக்கு ஒரு தடவைதான் முழுமையாக நிறுத்தப்படுகின்றன. அதாவது, மிக ஆபத்தான வேலையைத்தான் ஊழியர்கள் மிகக் குறைவாகச் செய்து பழகுகிறார்கள். நிறுத்தும் ஒவ்வொரு நாளும் நட்டம் என்பதால் மேலிடத்திலிருந்து அவசரமும் வரும். வளைகுடாவில் ஷட்டவுன் வேலைக்குப் போய்வந்த எமது இளைஞர்களிடம் கேட்டுப் பாருங்கள், அந்த அவசரம் எப்படிப்பட்டது என்று சொல்வார்கள். இத்தகைய நாட்களில் அலகைச் சுற்றிப் பெருமளவில் நிற்பவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள்.

எமது நாட்டின் நிலையை நினைத்தால் கவலை கூடுகிறது. 2021 நவம்பரில் மசகு எண்ணெய் வாங்க டொலர் இல்லாமல் சபுகஸ்கந்தவையே மூட நேர்ந்தது. கையில் பணமில்லாத காலத்தில் முதலில் வெட்டப்படுவது பராமரிப்புச் செலவு என்பதை அரச பஸ்களைப் பார்த்தாலே தெரியும். பஸ் நடுவழியில் நின்றால் இறங்கி நடக்கலாம்.

அம்பாந்தோட்டையின் முதலீட்டாளர் வெளிநாட்டவர் என்பதால் பராமரிப்பு அவர்கள் பாடு என்று விட்டுவிட முடியாது. டொரன்ஸிலும் சுப்பீரியரிலும் என்ன நடந்தது என்று நாம் இன்று தெரிந்துகொள்வதற்குக் காரணம், நிறுவனத்துக்கோ அமைச்சுக்கோ கட்டுப்படாத ஒரு சபை விசாரித்து எல்லாவற்றையும் பகிரங்கப்படுத்தியதே. உடன்படிக்கையின் விபரங்கள் பாராளுமன்றத்தில் பேசப்படும்போது எமது பிரதிநிதிகள் வரிச்சலுகையோடு நின்றுவிடாமல், அத்தகைய சுயாதீன விசாரணைக்கு இடமுண்டா, பராமரிப்புப் பதிவேடுகளைப் பார்க்க எமது அதிகாரிகளுக்கு உரிமையுண்டா என்றும் கேட்க வேண்டும். அம்பாந்தோட்டை நகரில் மலாய், முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறைகளாகச் சிங்கள மக்களோடு சேர்ந்து வாழ்கின்றன. சுப்பீரியரில் நடந்ததைப் போல ஒருநாள் வீடுகளை விட்டு வெளியேறச் சொல்ல நேர்ந்தால், அந்த அறிவித்தலைக் கொடுக்கப்போவது யார், அது எந்தெந்த மொழிகளில் வரும், அவர்கள் எந்த வீதியால் எங்கே போவது? முதல் கல் நடப்படுவதற்கு முன்பே இதற்கு எழுத்தில் பதில் கேட்க வேண்டும்.