தெரிஞ்சுதான் போனானா?

எங்க ஊர் வெம்பக்கோட்டைக்குப் பக்கம். பெயர் வேண்டாம், எல்லா ஊரும் ஒண்ணுதான். 1987ல் யாழ்ப்பாணத்தில் செத்துப்போன என் பெரியப்பா மகனுக்கு பஸ் நிறுத்தத்துல ஒரு கல் வைக்கணும்னு காலனிப் பையன்கள் கேட்டார்கள். கேட்டதுதான் தாமதம், இத்தனை வருஷம் அவன் பேரையே எடுக்காதவனெல்லாம் பேச ஆரம்பிச்சுட்டான்.

தேசபக்தர் ஒருத்தர் சொன்னார்: ‘தாராளமா வைங்க, வீரமரணம். ஆனா காலனிக்குள்ள வைங்க.’ தமிழ் உணர்வாளர் ஒருத்தர் சொன்னார்: ‘தமிழனைக் கொல்லப் போன படையில செத்தவனுக்கு தமிழ் மண்ணுல கல்லா?’ மூணாவது ஆள், ரொம்ப நியாயஸ்தர், டீ கிளாசைக் கீழே வச்சுட்டுச் சொன்னார்: ‘சம்பளத்துக்குப் போனான். சாவு வரும்னு தெரிஞ்சுதான போனான்?’

மூணு பேருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கு.

முதல்ல செத்தவன் யாருன்னு சொல்றேன். அண்ணன் 1964ல் பிறந்தான். பத்து வயசுல ஃபயர் ஆபீசுக்குப் போய் குழாய் உருட்டினான், திரி வெட்டினான், பிறகு மருந்து செலுத்தினான். மஞ்சள் படிஞ்ச கையோடதான் பள்ளிக்கூடம். 1983ல் ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது ஓடிப்போய் வரிசையில நின்னான். பெங்களூரில் சாப்பர் பயிற்சி. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்து ரோட்டில் கண்ணிவெடி எடுக்கப் போன இடத்துல செத்தான். வயசு 23. மதினிக்கு 20. தந்தி வந்துச்சு. ஒரு தகரப் பெட்டி வந்துச்சு. உடம்பு வரல. அந்தப் பெட்டியை ஊர்த் தெரு வழியா ஊர்வலமாக் கொண்டுபோக விடல. கண்மாய்க்கரை சுத்தித்தான் கொண்டுவந்தோம். பென்ஷனுக்கு மதினி ஒரு அலுவலகத்துக்கு ரெண்டு வருஷம் அலைஞ்சா. அந்த ரெண்டு வருஷமும் அவன் விட்டுப்போன அதே மருந்து அறையில உக்காந்து சோறு தின்னா.

இனி, அவனை அனுப்பினவர்கள் கதை. 1983க்குப் பிறகு ஈழத்துப் போராளிக் குழுக்களுக்கு, புலிகளையும் சேர்த்து, தமிழ்நாட்டிலும் உத்தரப் பிரதேசத்திலும் பயிற்சியும் ஆயுதமும் கொடுத்தது இந்திய அரசு. 1987 ஜூலை 29ல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனேயும் ஒப்பந்தம் போட்டார்கள். ‘அமைதிப் படை’ போனது. அக்டோபர் 10, 11ல் அதே படை புலிகள்மீது போர் தொடங்கியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குள் ஹெலிகாப்டரில் இறக்கின ஒரு சீக்கியப் பிளட்டூனில் 29 பேர் செத்தார்கள், ஒருத்தர்தான் மிச்சம். 1989ல் பிரேமதாசா ‘வெளியே போ’ என்றார். இந்தியப் படையை அடிக்க அவர் அரசே புலிகளுக்கு ஆயுதம் கொடுத்தது. 1990 மார்ச் 24ல் கடைசிச் சிப்பாய் கப்பல் ஏறினான். 1,100 பேருக்கு மேல் திரும்பி வரவில்லை.

ஆக, அண்ணன் பெங்களூரில் கண்ணிவெடி எடுக்கப் பயிற்சி எடுத்த அதே காலத்துல, கண்ணிவெடி புதைக்க இன்னொருத்தனுக்குப் பயிற்சி கொடுத்ததும் இதே அரசுதான். நேத்துவரை விருந்தாளி, இன்னைக்குப் பயங்கரவாதி. முடிவு பண்ணினவன் எவனாவது மண்ணுக்குள்ள வெடியைத் தேடிக் கைய விட்டானா?

தேசபக்தரே, உங்களுக்கு. 1990 மார்ச்சில் கலைஞர் இந்தப் படையை வரவேற்கப் போகாததை இன்னைக்கும் சொல்லிச் சொல்லிக் கொதிக்கிறீங்க. டெல்லி என்ன செஞ்சது? இந்தப் படைக்கென்று கொழும்பை ஒட்டி ஒரு தனிச் சின்னம் எழுந்தது, 2008ல், இலங்கை அரசு கட்டியது. 2025 ஏப்ரலில் பிரதமர் மோடி மலர் வைத்ததும் அங்கேதான். அதெல்லாம் கிடக்கட்டும். கலைஞர் துறைமுகத்துக்குப் போகல, சரி. அண்ணன் பெட்டி வந்தபோது நீங்க உங்க தெருவைத் திறந்தீங்களா? 2016 ஜூனில் காஷ்மீர் பாம்போர் தாக்குதலில் செத்த ஒரு மத்திய ரிசர்வ் போலீஸ்காரர் உத்தரப் பிரதேசத்து பிரோசாபாத் பக்கம் நட் சாதிக்காரர். அவர் உடலை எரிக்க இடம் தர மாட்டோம்னு மேல்சாதிக்காரர்கள் நின்னார்கள். அதிகாரிகள் வந்து பேசின பிறகுதான் இடம். சுடுகாட்டுக்கு வராத தேசபக்தி எல்லையில மட்டும் எதுக்கு? ‘ராணுவத்துல சாதி இல்ல’ம்பீங்க. குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படைக்கு ராஜபுத்திரர், ஜாட், ஜாட் சீக்கியர் ஆகிய மூன்று பிரிவில்தான் ஆள் எடுக்கிறோம்னு 2013ல் உச்ச நீதிமன்றத்தில் ராணுவமே சொல்லியிருக்கு.

தமிழ் உணர்வாளரே, உங்களுக்கு. அந்தப் படை செய்ததை நான் மறைக்கல. 1987 அக்டோபர் 21ல் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நுழைந்து டாக்டர், நர்ஸ், நோயாளி என்று 60 பேருக்கு மேல் சுட்டுக் கொன்றார்கள். சண்டையில் நடுவில் அகப்பட்டவர்கள் என்றது ராணுவம், உயிர் தப்பினவர்கள் அப்படிச் சொல்லவில்லை. 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் ஊரையே கொளுத்தினார்கள். இது கொலை. யாரும் கூண்டில் ஏறவில்லை. எங்க அண்ணன் உடுத்தின அதே உடுப்பு என்பதற்காக இதை நான் பூசி மெழுக மாட்டேன்.

ஆனா உங்க கோபம் ஏன் சாப்பரோட நின்னுபோகுது? அனுப்பின கட்சியோட கூட்டணி வைக்கிறபோது அந்தக் கோபம் எங்க போச்சு? ‘தமிழன் தமிழனைக் கொல்லலாமா’ன்னு கேக்கறீங்க. 1968 டிசம்பர் 25ல் வெண்மணியில் 44 பேரைக் கொளுத்தினவன் என்ன சிங்களனா? 1995 ஆகஸ்ட் 31ல் கொடியன்குளத்துக்குள் புகுந்து வீடுவீடா நொறுக்கின போலீஸ் எந்த நாட்டுப் போலீஸ்? யாழ்ப்பாணத்துப் பஞ்சமர்களும் 1968ல் மாவிட்டபுரம் கோயிலுக்குள் போகப் போராட வேண்டித்தான் இருந்தது. எங்களை ஊர்த் தெருவுல நடக்கவிடாத தமிழ் மண்ணு, செத்தவனுக்கு மட்டும் தமிழன்னு பேர் வச்சுக் கணக்குக் கேக்குது.

நம்ம ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. அண்ணல் அம்பேத்கரின் அப்பா ராம்ஜி ராணுவத்தில் சுபேதார். அண்ணல் 1927 ஜனவரி 1ல் கோரேகாவ் தூணுக்குப் போனார். 1941ல் மஹார் ரெஜிமெண்ட் வந்ததில் அவர் உழைப்பு உண்டு. இலங்கைக்குப் போனதில் 8வது மஹாரும் உண்டு. அதில் இருந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25ல் செத்து பரம்வீர் சக்ரா பெற்றார். ராணுவம் நமக்கு ஒரு ஏணி என்பதை நான் மறுக்கல. எங்க காலனியில முதல் காரை வீடு பட்டாளத்துப் பென்ஷனில் எழும்பினதுதான். ஆனால் அந்த ஏணி யார் கையில் இருக்கு? 1890களில் ‘போர்ச் சாதி இல்லை’ என்று மஹார்களை வெளியே தள்ளினான் வெள்ளைக்காரன். 1917ல் உலகப் போருக்கு ஆள் பத்தாதபோது கூப்பிட்டான், 1921ல் கலைச்சான். சமார் ரெஜிமெண்டை 1943ல் ஆரம்பிச்சு 1946ல் கலைச்சான். தேவைன்னா வீரன், தேவை முடிஞ்சா பழைய தீண்டாதவன். இப்போ 2022லிருந்து அக்னிபாத்: நாலு வருஷம், அதுக்குமேல 25 சதவீதத்துக்குள்தான் நிரந்தரம். மிச்சப்பேர் எங்க வருவான்? இங்கதான், ஃபயர் ஆபீசுக்கு. அண்ணல் படையில இடம் கேட்டது மனுசனா மதிக்கணும்னு. எவன் சண்டைக்கோ கூலிக்குச் சாகணும்னு கேக்கல.

கடைசியா அந்த நியாயஸ்தருக்கு. 2017 அக்டோபரில் ஆப்பிரிக்காவில் நைஜர் நாட்டில், பயங்கரவாத எதிர்ப்புன்னு அமெரிக்கா அனுப்பின சிப்பாய்களில் 4 பேர் செத்தார்கள். அதில் ஒருவர் கறுப்பர். கர்ப்பிணியான அவர் மனைவிக்கு ட்ரம்ப் போன் போட்டார். ‘எதுக்குப் போறோம்னு அவருக்குத் தெரியும்’ என்கிற மாதிரிப் பேசினார் என்று அந்தப் பெண் அழுதார். ட்ரம்ப் அப்படிப் பேசலன்னார். நாடே ரெண்டாப் பிரிஞ்சு போனைப் பற்றிச் சண்டை போட்டது. எதுக்கு அனுப்பினே என்ற கேள்வி அந்தச் சத்தத்துல அமுங்கிப்போச்சு.

இந்த வார்த்தையை நாங்க வாரக்கணக்கா கேட்டிருக்கோம். 2012 செப்டம்பர் 5ல் முதலிப்பட்டியில் 40 பேர் வரை கருகினபோது கேட்டோம். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் செத்தபோது, முதல்வர் 3 லட்சம், பிரதமர் 2 லட்சம் அறிவிச்ச மறுநாளே கேட்டோம்: ‘ஆபத்துன்னு தெரிஞ்சுதான வேலைக்கு வர்றாங்க.’ 2024 பிப்ரவரியில் ராமுதேவன்பட்டியில் 10 பேர் செத்தபோதும் கேட்டோம். அய்யா, தெரியும். மருந்து வெடிக்கும்னு எங்க ஊர்ப் பச்சப்புள்ளைக்கும் தெரியும். தெரிஞ்சு என்ன செய்ய? நிலம் உங்களுது, கிணறு உங்களுது, லைசென்ஸ் உங்களுது. இந்தக் கதவுல வெடி, அந்தக் கதவுல குண்டு. மூணாவது கதவைப் பூட்டி வச்சுக்கிட்டு ‘அவனாத்தான் போனான்’ங்கறது என்ன நியாயம்? தெரிஞ்சுகிட்டே அனுப்பினவனை ஏன் ஒருநாளும் கேக்க மாட்டேங்கறீங்க?

கல்லுல என்ன எழுதலாம்னு மதினிகிட்ட கேட்டோம். ‘வீரமரணம்னு போடாதீங்க’ன்னா. ‘அவுக பயந்துகிட்டேதான் கடுதாசி போட்டாக. பேரைப் போடுங்க. வயசைப் போடுங்க. யாரு அனுப்பினதுன்னு போடுங்க. அங்க ஆசுபத்திரியில செத்த சனத்துக்கும் ஒரு வரி போடுங்க.’

அவ்வளவுதான் எழுதப் போறோம். பேர், வயசு 23, அனுப்பியது இந்திய அரசு, அதற்குக் கீழே யாழ்ப்பாண மருத்துவமனையில் செத்தவர்களுக்கு ஒரு வரி. கல்லு பஸ் நிறுத்தத்துலதான் நிக்கும், எல்லாரும் பஸ் ஏற வர்ற பொது இடத்துல. காலனிக்குள்ள இல்ல. மனு கொடுத்தாச்சு. அனுமதி வரலேன்னா மறுபடி கொடுப்போம், கோர்ட்டுக்குப் போவோம், கூட்டம் போடுவோம். கல் நடுற அன்னைக்கு அந்த மூணு பேரும் வரட்டும். பதிலோட வரட்டும்.