குசினிச் சுவரும் ஹாட்வெயார்க் கடையும்

சென்ற மாதம் ஒரு ராத்தா என் கடைக்கு வந்து, கழன்று விழுந்த மூன்று டைல்ஸை மேசையில் வைத்தார். "நானா, நீங்க தந்த சாமான்தான் இது. ஆறு மாசம் தாங்கல்லயே" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை.

டைல்ஸில் பிழையில்லை. அது நல்ல போர்சலின். ஆனால் போர்சலின் அரை வீதம் தண்ணீரைக்கூட உறிஞ்சாது. சாதாரண சுவர் டைல்ஸ் 10 வீதத்துக்கு மேல் உறிஞ்சும். அதனால்தான் அதை ஊறவைத்து சீமெந்தில் ஒட்டினால் பிடித்துக்கொள்கிறது. போர்சலினுக்குத் தனியான பசைத்தூள் வேண்டும். செலவு கூடும், வேறு கடைக்குப் போய்விடுவார் என்று பயந்து நான் அதைச் சொல்லவேயில்லை. பாலாவியில் சீமெந்துத் தொழிற்சாலை பக்கத்திலேயே இருப்பதாலோ என்னவோ, எல்லாவற்றுக்கும் சீமெந்துதான் மருந்து என்று நமது மேசன் பாஸ்மாரும் நினைக்கிறார்கள்.

இந்த ராத்தா 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பத்தவர். ஓலைக் கொட்டிலில் புகை குடித்துச் சமைத்த உம்மாவுக்கு ஒரு பளிச்சென்ற குசினி வேண்டும் என்று, மகன் கட்டாரிலிருந்து அனுப்பிய காசில் செய்த வேலை அது. அப்படிப்பட்ட காசை வாங்கும்போது நாம் இரண்டு கேள்வியாவது கேட்க வேண்டாமா?

முதலில் கேட்க வேண்டியது சுவரைப் பற்றி. நமது ஊர் உப்பளங்களுக்கு நடுவே இருப்பது. உப்புக் கலந்த மணலில் பூசிய சுவர் வெள்ளையாகப் பூத்து உதிரும். அதைச் சுரண்டிச் சரிசெய்யாமல் மேலே எந்த டைல்ஸை ஒட்டினாலும் வீண்.

அடுத்தது சமையலைப் பற்றி. தேங்காயெண்ணெய், மஞ்சள், புளி புழங்கும் குசினியில் சின்னச் சின்ன மொசைக் டைல்ஸ் பதித்தால் இடைவெளிகள்தான் அதிகம். அதில் வெள்ளைச் சீமெந்து நிரப்பினால் சில வாரங்களில் மஞ்சள் ஏறிவிடும். படத்தில் அழகு, துடைப்பவருக்குத் தண்டனை. நான் மொசைக் எடுப்பதை நிறுத்திவிட்டேன். சொரசொரப்பான கல் மாதிரி டைல்ஸும் அடுப்புக்குப் பின்னால் எண்ணெய் பிடிக்கும். உண்மையான மாபிளில் தேசிக்காய்ப் புளி பட்டால் பளபளப்பு போய்விடும். வழவழப்பான, பெரிய அளவு டைல்ஸும் சாம்பல் நிற இடைநிரப்பும் போதும்.

10 அடி மேடைக்கு 2 அடி உயரம் என்றால் 20 சதுர அடி. வெட்டுச் சேதத்துக்கு 2 சதுர அடி கூடச் சேர்க்க வேண்டும். பெட்டியிலுள்ள நிற இலக்கம் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். 2020இல் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது, மிச்சப் பெட்டிகளைக் கலந்து விற்ற நாம் எத்தனை வீட்டுச் சுவரை இரண்டு நிறமாக்கினோம்? நானும் விற்றேன்.

ராத்தாவுக்குப் புது டைல்ஸும் பசைத்தூளும் கொடுத்து, பாஸின் கூலியில் பாதியையும் ஏற்றுக்கொண்டேன். அந்தப் பெட்டிகளில் கிடைத்த இலாபத்தைவிட அது கூடத்தான். இப்போது போர்சலின் அடுக்குக்குப் பக்கத்திலேயே பசைத்தூள் மூட்டையை வைத்திருக்கிறேன். "இது எதுக்கு?" என்று வாடிக்கையாளரே கேட்கிறார்.