கிட்னி கொடுக்க வீட்டில் முதலில் யாரைக் கேட்கிறோம்?

'ரெண்டு கிட்னியும் வேலை செய்யலை, மாற்று அறுவை சிகிச்சை செய்தா நல்லது' என்று டாக்டர் சொல்லும் நாளிலேயே வீட்டில் ஒரு கணக்கு ஆரம்பித்துவிடும். அண்ணனுக்கு சுகர் இருக்கிறது. தம்பி துபாயில் வேலை பார்க்கிறார். மகனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. மகளைக் கேட்கலாம் என்றால், சம்பந்தி வீட்டில் என்ன சொல்வார்களோ! இப்படி ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுவது மனைவி. இல்லையென்றால் அம்மா. பல வீடுகளில் அவரிடம் யாரும் வாய்விட்டுக் கேட்பதுகூட இல்லை. அவரே முன்வந்து 'நான் தர்றேன்' என்று சொல்லிவிடுகிறார். எல்லோருக்கும் நிம்மதி.

நாடு முழுவதும் இதே கதைதான். தேசிய உறுப்பு மற்றும் திசு மாற்று அமைப்பின் கணக்குப்படி, 1995 முதல் 2021 வரை இந்தியாவில் நடந்த உறுப்பு மாற்று சிகிச்சைகள் 36,640. அவற்றில் ஆண்களுக்கு நடந்தவை 29,000-க்கும் மேல். பெண்களுக்கு 6,945 மட்டுமே. தருகிறவர்கள் பக்கம் திரும்பினால் காட்சி அப்படியே தலைகீழ். 2019-ம் ஆண்டின் விவரங்களை வைத்துச் செய்யப்பட்ட ஓர் ஆய்வு, உயிரோடு இருக்கும்போதே உறுப்பு தந்தவர்களில் சுமார் 80 சதவிகிதம் பேர் பெண்கள் என்கிறது. அவர்களில் பெரும்பாலானோர் மனைவியர், அம்மாக்கள்.

இதற்கு மருத்துவக் காரணங்களும் இல்லாமல் இல்லை. பிரசவம் ஆன பெண்ணின் உடலில், குழந்தை வழியாக வந்த கணவரின் திசுக்கூறுகளுக்கு எதிரான அணுக்கள் உருவாகியிருக்கலாம். அதனால் கணவரின் கிட்னி மனைவிக்குப் பொருந்தாமல் போவதுண்டு. ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் என்று பரிசோதனையிலேயே விலக்கப்படும் ஆண்களும் இருக்கிறார்கள். ஆனால், இவ்வளவு பெரிய இடைவெளியை இவற்றை மட்டும் வைத்து விளக்கிவிட முடியாது. 'அவர் சம்பாதிக்கிறவர், அவரைப் படுக்க வைக்க முடியுமா?' என்ற ஒற்றை வரிக்கு இதில் பெரிய பங்கு உண்டு. வீட்டு வேலையோடு தறியும் ஓட்டும் பெண், பத்துப் பாத்திரம் தேய்க்கப் போகும் பெண், நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்... இவர்களின் சம்பாத்தியம் மட்டும் எப்படி இந்தக் கணக்கில் விடுபட்டுப் போகிறதோ!

சட்டத்துக்கும் இது தெரிந்தே இருக்கிறது. மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-ல் வந்தது. அப்போது பெரிய பிரச்னையாக இருந்தது கிட்னி வியாபாரம். சென்னை வில்லிவாக்கத்தை 'கிட்னிவாக்கம்' என்றே அழைத்த காலம் அது. அதனால், சட்டத்தின் முதல் கவலை 'பணம் கைமாறியதா?' என்பதாக இருந்தது. அந்தக் கவலை இன்னும் தீரவில்லை. நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களிடம் கிட்னி வாங்கப்பட்டதாக 2025-ல்கூட புகார் கிளம்பியது. உறுப்பு வணிகத்துக்கு 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம் என்று 2011-ல் தண்டனையும் கடுமையாக்கப்பட்டது.

பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், கணவன் - மனைவி, தாத்தா - பாட்டி, பேரப்பிள்ளைகள் ஆகியோர் சட்டப்படி நெருங்கிய உறவினர்கள். இவர்கள் தரும்போது, உறவை நிரூபித்தாலே பாதிக்கிணறு தாண்டிய மாதிரிதான். கணவன் - மனைவி என்றால் திருமணச் சான்றிதழ், கல்யாண போட்டோ, பிள்ளைகளின் விவரம், குடும்ப போட்டோ எல்லாம் ஃபைலில் சேரும். அந்த போட்டோவில் சிரித்துக்கொண்டு நிற்கும் பெண்ணுக்கு இதில் உண்மையிலேயே விருப்பமா என்பதை எந்த போட்டோவும் சொல்லாது. அந்நியர் தர வந்தால் பணமா என்று சந்தேகப்படுகிறோம். மனைவி தர வந்தால் பாசம் என்று முடித்துவிடுகிறோம். மாமியார் பேசாமல் இருப்பது, உறவினர்களின் போன் கால்கள், 'அவருக்கு ஏதாவது ஆனா இந்தக் குடும்பம் என்னாகும்?' என்ற பயம்... இவையும் அழுத்தம்தானே?

இதற்காகவே 2014-ம் ஆண்டு விதிகளில் தனியாக ஒரு பிரிவு இருக்கிறது. தானம் தருபவர் பெண் என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும், அவருடைய அடையாளத்தையும் சுதந்திரமான சம்மதத்தையும் உறுப்பைப் பெறப்போகிறவர் அல்லாத வேறொருவர் உறுதிசெய்ய வேண்டும் என்கிறது அது. நல்ல விதி. ஆனால், அந்த 'வேறொருவர்' மாமனாராகவோ கொழுந்தனாராகவோ இருந்தால் அந்தப் பெண் மனம்விட்டுப் பேசுவாரா? கணவர் வீட்டார் அருகில் இல்லாமல், தனி அறையில், அவருக்குப் புரியும் மொழியில் பேச வேண்டும். வெளிநாடுகளில் சில மருத்துவமனைகள் இன்னும் ஒருபடி மேலே போகின்றன. தரத் தயங்குபவரைக் காட்டிக்கொடுக்காமல், 'இவர் தானம் தரத் தகுதியானவர் இல்லை' என்று மட்டும் குடும்பத்தாரிடம் சொல்லிவிடுகிறார்கள். பொய் மாதிரி தெரியலாம். ஆனால், ஒரு பெண் அதன் பிறகும் அதே வீட்டில்தான் வாழ வேண்டும் என்பதை யோசித்தால் இதன் அருமை புரியும்.

சம்மதக் கையெழுத்து போட்ட பிறகும், அறுவை சிகிச்சைக்கு முன்பு எந்த நேரத்திலும் மனம் மாறலாம். அதற்கு உரிமை உண்டு. இது எத்தனை பெண்களுக்குச் சொல்லப்படுகிறது?

மனமுவந்து தருபவர்களும் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்கள் பயப்படத் தேவையில்லை. நன்றாகப் பரிசோதித்துத் தேர்வு செய்யப்பட்டவர் ஒற்றைக் கிட்னியோடு நலமாக வாழலாம். மிச்சமிருக்கும் கிட்னி சற்றே பெரிதாகி, கூடுதல் வேலையைச் செய்யும். ஆனாலும் ஆண்டுக்கு ஒருமுறை ரத்த அழுத்தம், கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் ஆகியவற்றைப் பார்த்தே ஆக வேண்டும். நடப்பது என்னவென்றால், கணவரின் மாத்திரைகளையும் செக்கப் தேதிகளையும் நினைவில் வைத்திருக்கும் மனைவி, தன்னுடைய செக்கப்பை மறந்துவிடுகிறார். இன்னும் குழந்தை பெறும் எண்ணத்தில் இருக்கும் இளம்பெண்களுக்குக் கூடுதலாக ஒன்று: கிட்னி தந்த பிறகு கர்ப்பமானால் ரத்த அழுத்தம் கூடும் வாய்ப்பு அதிகம். முடிவெடுக்கும் முன்பே மகப்பேறு மருத்துவரிடமும் பேசிவிட வேண்டும்.

மனைவியின் மேல் விழும் இந்தச் சுமையைக் குறைக்க, மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து கிடைக்கும் தானம் கூட வேண்டும். ஒருவர் தந்தால் இரண்டு கிட்னிகள், அதாவது இரண்டு வீடுகளில் யாரையும் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. தமிழகம் இதில் முன்னோடி. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றம் ஹிதேந்திரனின் உறுப்புகளை, டாக்டர்களான அவருடைய பெற்றோர் தானம் தந்தது பலரின் தயக்கத்தை உடைத்தது. உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது. 'மூளைச்சாவு என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடுவார்களோ?' என்ற பயம் இன்னும் இருக்கிறது. நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பரிசோதித்த பிறகுதான் அதை உறுதிசெய்ய முடியும்.

காத்திருப்போர் பட்டியலில் பெண் நோயாளிகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என 2025 ஆகஸ்ட்டில் தேசிய அமைப்பு மாநிலங்களை அறிவுறுத்தியது. தாமதமாக வந்தாலும் சரியான முடிவு. ஆனால், பட்டியலில் பெயர் இருந்தால்தானே முன்னுரிமை கிடைக்கும்? டயாலிசிஸ் செய்துகொள்ளும் பெண் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று இந்த வாரமே மருத்துவமனையில் கேளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கிட்னி மாற்று சிகிச்சைக்கும் இடமுண்டு. 'எனக்கு எதுக்கு அவ்வளவு செலவு' என்று அவர் சொன்னால், அதை முதலில் சொல்லுங்கள்.