பல்லும் ஊசியும்

மேல் பல்லைப் பிடுங்கியபோது ஒரே ஊசியில் வலி தெரியவில்லை. கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு மட்டும் ஏன் இத்தனை பாடு என்று சிலர் வைத்தியரை நொந்துகொள்வதுண்டு. குற்றம் அவருடைய கையில் இல்லை, எலும்பில் இருக்கிறது. மேல் தாடை எலும்பு மெல்லியது, நுண்துளைகள் உடையது. வேருக்கு அருகே மருந்தைச் செலுத்தினால் கசிந்து உள்ளே போய்விடும். கீழ்த் தாடையின் பின்பகுதியோ மிகக் கெட்டி. ஆகவே நரம்பு எலும்புக்குள் நுழையும் வாசலிலேயே அதை மறிக்க வேண்டியிருக்கிறது.

1884-ல் வியன்னாவில் கார்ல் கோலர் கொக்கெயினால் கண்ணை மரக்கச் செய்தார். அச்செய்தி எட்டியதும் நியூயார்க்கில் ஹால்ஸ்டெட் என்ற ரணசிகிச்சை நிபுணர் நரம்பை மறிக்கும் முறையைக் கையாண்டார். தம் உடம்பிலேயே சோதனை செய்த அம்மனிதர் கொக்கெயினுக்கு அடிமையாகித் தவித்தார். இன்று வழங்கும் லிடோகெயின், 1943-ல் ஸ்வீடனில் லோப்கிரென் கண்டது. அந்த அபாயம் இதில் இல்லை.

உதடு மரத்துவிட்டது, ஆகவே பல்லும் மரத்திருக்கும் என்று எண்ணிவிடலாகாது. உள்ளே அழற்சி கண்ட பல்லில் மருந்து சரிவரப் பலிக்காமற் போவதுண்டு. அப்பொழுது பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பதில் (கடிக்கத்தான் முடியுமா?) யாதொரு பெருமையும் இல்லை. கையை உயர்த்தித் தெரிவித்தால், வேரைச் சுற்றியுள்ள தசைநாரில் இன்னும் சிறிது மருந்து செலுத்துவார்கள்.

குழந்தைகள் விஷயத்தில் தாய்மார்கள் கவனிக்க வேண்டியது வேறு. மரத்த உதட்டை வேடிக்கையாகக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள். உணர்ச்சி திரும்பச் சில மணி நேரமாகும். அதுவரை சோறும் சூடான பாலும் கொடுக்க வேண்டாம்.