காவலரின் ஓய்வு நாள்

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபமும், மதுரையில் கள்ளழகர் வைகையில் எழுந்தருளும் வைபவமும், வேளாங்கண்ணியில் செப்டம்பர் மாதத்துத் திருவிழாவும் நடைபெறுகின்ற காலங்களில், லட்சோபலட்சம் ஜனங்கள் தத்தம் குடும்பத்தோடு கூடிக் களித்து க்ஷேமமாக வீடு திரும்பவேண்டும் என்பதற்காக, வெளி மாவட்டங்களிலிருந்து வந்து, கல்யாண மண்டபங்களிலும் பள்ளிக்கூடத் தரைகளிலும் படுத்தெழுந்து பந்தோபஸ்து பார்க்கின்ற காவலர்களுக்கும் பெண்டு பிள்ளைகள் உண்டு என்பதை நாம் பெரும்பாலும் நினைப்பதில்லை. ஊருக்கெல்லாம் பண்டிகையாக இருக்கும் நாளே அவர்களுக்கு வேலை மிகுந்த நாள்.

1861-ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டத்தின் 22-ஆவது பிரிவு, போலீஸ் உத்தியோகஸ்தர் ஒவ்வொருவரும் எந்நேரமும் கடமையில் இருப்பவராகவே கருதப்படுவார் என்று விதித்தது. ஆபத்து நேர்ந்த இடத்தில், தாம் சீருடையில் இல்லை என்று சொல்லி ஒரு காவலர் ஒதுங்கிவிடலாகாது என்ற அளவில் அது நியாயமான விதிதான். ஆனால் அந்நிய ஆட்சி வகுத்த அவ்விதியை, காவலருக்கு ஓய்வே கிடையாது என்று வியாக்கியானம் செய்துகொண்டு, சுதந்திரம் பெற்ற பின்னும் தலைமுறை தலைமுறையாக அனுஷ்டித்து வந்ததற்கு என்ன சமாதானம் சொல்வது? அரசாங்க ஆஸ்பத்திரியும் இரவு பகலாகத் திறந்தே இருக்கிறது. அதற்காக ஒரே நர்ஸை மூன்று ஷிப்டுக்கும் எவரும் நிறுத்துவதில்லை.

மத்திய அரசின் போலீஸ் ஆராய்ச்சி நிறுவனத்துக்காக 2014-இல் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், காவல் நிலையங்களில் பணிபுரிவோரில் நூற்றுக்கு 90 பேர் நாள்தோறும் 8 மணி நேரத்துக்கு மேல் உழைப்பதாகவும், ஏறக்குறைய முக்கால் பங்கினருக்கு மாதத்தில் ஒரு முறைகூட வார ஓய்வு வாய்ப்பதில்லை என்றும் தெரியவந்தது. தமிழக அரசு 2021-இல் காவலர்களுக்கும் தலைமைக் காவலர்களுக்கும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டு என்று ஆணையிட்டது போற்றத்தக்க காரியம். ஆயினும் ஆணை பிறந்த மாத்திரத்தில் ஆள் பெருகிவிடுவதில்லை. பாரா, ரோந்து, கோர்ட் டூட்டி, கைதி வழிக்காவல், பிரமுகர் வருகை என்று பணிகள் வரிசையாக நிற்க, இருக்கும் சிலரைக் கொண்டே அவற்றையெல்லாம் நிறைவேற்ற வேண்டிய இன்ஸ்பெக்டர், மனமில்லாவிட்டாலும், ஓய்வில் இருப்பவரைத் தொலைபேசியில் அழைக்கும்படி நேர்ந்துவிடுகிறது. நாளைக்கு லீவு என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, அதிகாலையில் வந்த அழைப்பினால் சீருடை அணிந்து புறப்படும் தகப்பனுக்கு அந்த ஓய்வு பதிவேட்டோடு சரி. இப்படிப் பலமுறை நடந்த வீட்டில் பிள்ளைகள் கேட்பதையே நிறுத்திவிடுகிறார்கள். வயோதிகப் பெற்றோரை வைத்தியரிடம் அழைத்துப் போவதும், உறவினர் வீட்டுச் சுபகாரியத்துக்கும் துக்கத்துக்கும் முகம் காட்டுவதும் மனைவி ஒருத்தியின் பாரமாகிவிடுகின்றன. தூக்கமும் இன்றி, வீட்டு மனஸ்தாபத்தையும் சுமந்துகொண்டு ஸ்டேஷன் வாசலில் நிற்பவரிடம், புகார் கொடுக்க வரும் ஏழை பொறுமையையும் பரிவையும் எதிர்பார்க்கிறான். எதிர்பார்க்க அவனுக்குப் பூரண உரிமை உண்டு.

பெண் காவலரின் சிரமம் இன்னும் பெரிது. 1973-இல் ஒரு சப்-இன்ஸ்பெக்டரும் ஒரு ஹெட் கான்ஸ்டபிளும் 20 கான்ஸ்டபிள்களுமாகத் தமிழகக் காவல் துறையில் பிரவேசித்த பெண்கள், இன்று ஒவ்வொரு மாவட்டத்திலும் இரவும் பகலும் கடமையாற்றுகிறார்கள். இரவு ரோந்து முடிந்து ஆண் படுக்கைக்குப் போகிறார். பெண் அடுக்களைக்குப் போகிறார். 2023-இல் அவர்களுக்குக் காலை 7 மணி ரோல் கால் 8 மணியாக மாற்றப்பட்டபோது, பிள்ளைக்குத் தலைவாரிச் சோறூட்டிப் பள்ளிக்கு அனுப்ப ஒரு மணி நேரம் கிடைத்தது. மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்புவோரைப் பெற்றோரோ கணவர் வீட்டாரோ வசிக்கும் மாவட்டத்தில் 3 ஆண்டுகள் பணியில் அமர்த்தலாம் என்ற 2024-ஆம் ஆண்டு அறிவிப்பும் நல்லதே. ஆனால் இவையெல்லாம் பெண்களோடு நின்றுவிட்டால், பிள்ளை வளர்ப்பது தாயின் வேலை மட்டுமே என்று சர்க்காரே முத்திரை குத்தியதாகும். தகப்பனும் தன் குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் வீட்டில் இருக்கவேண்டும்.

ஆள் பற்றாக்குறை என்பதே எப்போதும் சொல்லப்படும் காரணம். காலியிடங்களை நிரப்பத்தான் வேண்டும். இருக்கும் ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதையும் கேட்கவேண்டும். காவலர்களை உயரதிகாரிகளின் வீட்டு வேலைக்கு வைக்கும் ஆர்டர்லி முறையை அரசு 1979-இலேயே ரத்து செய்துவிட்டது. அப்படியிருந்தும், அதை ஒழிக்கும்படி 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் மறுபடியும் வற்புறுத்த வேண்டியதாயிற்று. தன் வீட்டுக்கு ஒரு நாழிகை ஒதுக்க முடியாத காவலர் அதிகாரியின் வீட்டில் கடைகண்ணிக்குப் போய்வருவது எந்தத் தர்மத்தில் சேர்ந்தது? மனம் இருந்தால் வழி பிறக்கும் என்பதற்கு மும்பை சாட்சி. அங்கே 2016-இல், ஒரு சாதாரணக் காவலர் தாமே வகுத்துக் கொடுத்த யோசனையை ஏற்று, தேவநார் போலீஸ் ஸ்டேஷனில் 8 மணி நேர முறையைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். பிறகு நகரத்தின் மற்ற ஸ்டேஷன்களுக்கும் அதை விஸ்தரித்தார்கள்.

ஓய்வு நாளில் ஒருவரை அழைத்தால் அதற்குரிய காரணத்தை எழுத்தில் பதிவு செய்து, அந்த வாரத்துக்குள்ளேயே மாற்று ஓய்வு கொடுக்கவேண்டும். எத்தனை பேருக்கு ஓய்வு கொடுக்கப்பட்டது, எத்தனை பேர் திரும்ப அழைக்கப்பட்டார்கள் என்ற கணக்கை மாவட்டந்தோறும் மாதந்தோறும் பகிரங்கமாக வெளியிடவேண்டும். சட்டசபையில் காவல் துறை மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வரும்போது இந்தக் கணக்கைக் கேட்கும்படி, வாசகர்கள் தத்தம் தொகுதி உறுப்பினருக்கு இன்றே ஒரு கடிதம் எழுதுவார்களாக.