பழைய கிற்றாரும் கைக்காசும்



டிரெஸ்டன் நகரில் வாழும் சகோதரி ஒருவர் இப்பகுதிக்கு மடல் வரைந்துள்ளார். பதினைந்து வயதுடைய அவரது மகன் பாடசாலை இசைக்குழுவில் சேர்ந்திருக்கிறான். பழைய வாத்தியங்கள் விற்கும் ஒருவரிடம் உள்ள மின்கிற்றார் ஒன்றை வாங்கித் தரும்படி கேட்டு நிற்கிறான். விற்பவர் சொல்லும் விலை 380 யூரோ. “அந்தக் காசுக்கு ஒரு சிறு மோதிரம் செய்து வைத்தால் ஆபத்துக்கு உதவும் என்கிறார் இவனுடைய அப்பா. எங்கள் வதிவிட அனுமதி இன்னும் முடிவாகவில்லை. நாளைக்கு வேறு ஊருக்குப் போகும்படி வந்தால் இந்தக் கிற்றாரை விற்றுக் காசாக்க முடியுமா? இதில் நல்லது எது, கெட்டது எது என்று எனக்கு ஒன்றும் தெரியாது” என்று அச்சகோதரி கேட்கிறார்.

இது ஒரு வீட்டின் கேள்வி மட்டுமன்று. நாளை எங்கு இருப்போம் என்று அறியாத குடும்பம் எந்தப் பொருளை வாங்கினாலும், அதை விற்கும் நாளையும் சேர்த்தே எண்ண வேண்டியிருக்கிறது. எனவே விடையை முதலிலேயே கூறிவிடுவோம். நல்ல நிலையிலுள்ள பழைய கிற்றாரைச் சரியான விலைக்கு வாங்கினால், அதைப் பெரிய நட்டமின்றி மீண்டும் விற்கலாம். ஆனால் நல்ல நிலை என்பதைத் தலையிலுள்ள பெயரைக் கொண்டு தீர்மானிக்கலாகாது. கண்ணாலும் கையாலும் காதாலும் சோதித்தே தீர்மானிக்க வேண்டும்.

தகப்பனார் சொன்ன மோதிரத்தையே உவமையாகக் கொள்வோம். புதிய நகை வாங்கும்போது செய்கூலியும் சேதாரமும் கொடுக்கிறோம். மறுநாளே விற்றாலும் அப்பணம் திரும்பி வராது. புதிய கிற்றாரும் அவ்வாறே. கடை வாசலைத் தாண்டியதும் அதன் விலையில் ஒரு பங்கு கழிந்துவிடுகிறது. பழைய கிற்றாரிலோ அந்தச் சேதாரத்தை முதலில் வாங்கியவர் ஏற்கெனவே செலுத்திவிட்டார். அதனாற்றான் வசதி குறைந்தவர்க்குப் பழையதே பொருத்தம் என்கிறோம்.

அரைக்கூடு என்பது என்ன?

மகன் கேட்பது உடலில் பாதி வெற்றாகவும் பாதி கட்டையாகவும் அமைந்த கிற்றார். இதன் புகழ்பெற்ற முன்மாதிரி, அமெரிக்காவின் கிப்சன் நிறுவனம் 1958இல் வெளியிட்ட இ.எஸ். 335 ஆகும். மெல்லிய உடலின் நடுவே, கழுத்திலிருந்து அடிவரை ஒரு மரக்கட்டை ஓடும். இரு பக்கமும் வெற்றறைகள். மேற்பலகையில் வயலினில் உள்ளதைப் போன்று ‘எஃப்’ எழுத்து வடிவத்தில் இரு துளைகள் இருக்கும். முழுவதும் கூடான கிற்றாரை அம்பிளிபயரில் உரக்க வாசித்தால் அது ஊளையிடத் தொடங்கும். நடுக்கட்டை அந்த ஊளையைப் பெரிதும் அடக்குகிறது. வெற்றறைகள் நாதத்துக்கு ஒரு கனிவைக் கொடுக்கின்றன. ஜாஸ், புளூஸ், ரொக் ஆகிய மூன்றுக்கும் இது ஏற்றதாகையால் இதற்கு என்றும் வாங்குவோர் உண்டு.

மேற்பலகை ஒட்டுப்பலகையால் ஆனது என்று சிலர் குறை கூறுவர். இவ்வகைக் கிற்றாரில் அது குறையன்று. விலை உயர்ந்த இ.எஸ். 335இலும் மேற்பலகை ஒட்டுப்பலகையே.

ஏதிலிகள் கட்டிய தொழில்

டிரெஸ்டனில் வாழ்வோர் இவ்வாத்தியத்தின் ஒரு பிறந்தகத்துக்கு அண்மையிலேயே இருக்கின்றனர். சாக்சனி மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், செக் எல்லையோரத்தில் மார்க்நொய்கிர்ஷன் என்னும் சிற்றூர் உள்ளது. போகிமியாவில் நடந்த சமய ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த புரட்டஸ்தாந்து வயலின் கைவினைஞர் 12 பேர் 1677இல் அங்கு தமக்கென ஒரு தொழிற்சங்கம் அமைத்தனர். நாட்டை இழந்து வந்தவர்கள் கையோடு கொண்டுவந்த தொழில் அந்த ஊரையே வாத்திய ஊராக மாற்றியது.

பிற்காலத்தில் அதே சங்கத்தின் வழிவந்தோர், தச்சர் பிரிவைச் சேர்ந்தவர்கள் கிற்றார் செய்யலாகாதென வழக்காடினர் என்பதும் வரலாறே. அவ்வூரில் 1796இல் பிறந்த கிறிஸ்ரியன் பிரெடரிக் மார்ட்டின் 1833இல் அமெரிக்காவுக்குப் புறப்பட்டுச் சென்றார். இன்றும் புகழுடன் விளங்கும் மார்ட்டின் கிற்றார்களின் மூலவர் அவரே.

இரண்டாம் உலகப்போரின் பின்னர் இதே கதை மறுபடியும் நிகழ்ந்தது. எல்லைக்கு அப்பால், மிக அண்மையில் இருந்த ஷேன்பாக் என்ற வாத்திய ஊரிலிருந்து ஜேர்மன் மொழி பேசியோர் வெளியேற்றப்பட்டனர். அவர்களிற் பலர் பவேரியாவில் புபன்றொயித் என்னும் கிராமத்தில் குடியேறி மீண்டும் பட்டறைகளை அமைத்தனர். ஹொஃப்னர் குடும்பத்தாரும், பிராமுஸ் நிறுவனத்தை 1946இல் தொடக்கிய பிரெட் வில்பரும் அவ்வாறு வந்தவர்களே. பிராமுஸ் 1970களில் வீழ்ந்தது. அவரது மகன் 1995இல் அப்பெயருக்கு மீண்டும் உயிர் கொடுத்தார். அதற்கு அவர் தேர்ந்த இடம், தந்தை இழந்த ஊருக்கு அருகிலுள்ள அதே மார்க்நொய்கிர்ஷன்.

இவ்வரலாற்றால் வாங்குவோர்க்கும் பயனுண்டு. டிரெஸ்டனில் அல்பேட் பாலத்தருகே எல்பே நதிக்கரையில் சனிக்கிழமைகளிற் கூடும் பழைய பொருட் சந்தையிலும், வீடு காலி செய்வோரின் விளம்பரங்களிலும் ஹொஃப்னர், பிராமுஸ், மியூசிமா ஆகிய பெயர்களைக் காணலாம். மியூசிமா கிழக்கு ஜேர்மனிக் காலத்தின் அரச தொழிற்சாலை. மார்க்நொய்கிர்ஷனில் இயங்கி, ஜேர்மனி ஒன்றான பின்னர் தனியார் கைக்கு மாறி, 2000களின் முற்பகுதியில் முறிந்துபோனது. அதன் கிற்றார்களைத் தேடிச் சேர்ப்போர் உண்டு. ஆயினும் உதிரிப்பாகம் கிடைப்பது அரிது. பழைய கிழக்கு ஜேர்மன் கிற்றார்களில் இன்றைய கம்பி பொருந்தாத வட்டமான டின் செருகி இருக்கலாம். உடல் முழுவதும் வெற்றாக, நடுக்கட்டை இன்றியும் இருக்கலாம். பிள்ளை மேடையில் வாசிக்க வேண்டுமாயின் துளையினூடே கைவிளக்கு அடித்து, கட்டை உண்டா எனப் பார்த்துக்கொள்க.

சோதிக்கும் முறை

முதலில் தலை. தலையும் கழுத்தும் சேரும் இடத்தின் பின்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். தலை பின்னோக்கிச் சாய்ந்த கிற்றார் விழுந்தால் முறிவது அந்த இடத்திலேயே. நன்கு ஒட்டிய முறிவு பல்லாண்டு தாங்கும், வாசிப்புக்கும் இடையூறில்லை. ஆனால் விற்கும்போது விலையைப் பெருமளவு குறைத்துவிடும். இதனை நான் பட்டே அறிந்தேன். இந்நாட்டுக்கு வந்த புதிதில் ஒருவரிடம் ஒரு கிற்றார் வாங்கினேன். கழுத்தின் பின்புறம் மட்டும் நிறம் சற்றே கடுமையாக இருந்தது. அழகுக்காகப் பூசியது என்றார், நம்பினேன். ஈராண்டின் பின் விற்கச் சென்றபோது, கடைக்காரர் விரல்நுனியால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு நான் கொடுத்ததில் பாதியைச் சொன்னார். அந்த மாதம் வீட்டு வாடகைக்காகவே விற்கப் போயிருந்தேன். பேரம் பேச இயலவில்லை.

அடுத்தது கழுத்து. துப்பாக்கியைக் குறிபார்ப்பது போல அடியிலிருந்து தலையை நோக்கி ஒரு கண்ணால் பார்க்க. முறுக்கிக் கிடந்தால் வாங்கவே வேண்டாம். பின்னர் ஒரு தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒரே வேளையில் அழுத்துக. நடுவில், ஏழாம் மெட்டருகே, தடித்த காகிதம் நுழையுமளவு இடைவெளி இருப்பது நன்று. மிகுதியாக வளைந்திருப்பின் கழுத்துக்குள் ஓடும் இரும்புக்கம்பியைத் திருகிச் சரிசெய்யலாம். அந்தத் திருகி இறுகிப்போய்ச் சுழலாதிருந்தால் அது பெருங்குறை.

மூன்றாவது மெட்டுகள். வீணையின் மெட்டுகளைப் போல இவையும் தந்தி உராய்ந்து குழி விழும். ஒவ்வொரு தந்தியிலும் எல்லா மெட்டுகளையும் அழுத்தி வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ‘கிர்’ என்ற அதிர்வு எழுமிடத்தைக் குறித்துக்கொள்க. மெட்டுகள் யாவற்றையும் மாற்றும் கூலி, மலிவான கிற்றாரின் விலையையே எட்டக்கூடும்.

நான்காவது உடல். கழுத்து உடலுடன் பொருந்துமிடத்திலும், துளைகளின் ஓரத்திலும், செருகி பூட்டிய இடத்திலும் வெடிப்பு உண்டா என நோக்குக. வண்ணப்பூச்சில் மட்டும் நூல்போல ஓடும் கீறல் வயதின் அடையாளம். மரத்தில் ஓடும் வெடிப்பு நோய். விளிம்பைச் சுற்றிய வெள்ளைப் பட்டி நொறுங்கிப் பொடியாக உதிர்ந்தால் அதைத் திருத்தச் செலவு மிகுதி.

இறுதியாக மின்பகுதி. அம்பிளிபயரில் இணைத்துக் கேளாமல் ஒருபோதும் வாங்கலாகாது. திருகிகளைச் சுழற்றும்போது எழும் கரகரப்பு பெரும்பாலும் தூசியே. ஒரு பிக்கப் அடியோடு ஊமையாயின் அது வேறு. அரைக்கூட்டுக் கிற்றாரில் பின்மூடி இராததால், கம்பிகள் அனைத்தையும் துளை வழியே நூல் கட்டி இழுத்து எடுத்து, மீண்டும் அவ்வாறே உள்ளே செலுத்த வேண்டும். பாகம் சில யூரோதான், கூலி அதனிலும் பன்மடங்கு.

பிரடைகள் தளர்ந்திருத்தல், தந்தி துருப்பிடித்தல், சுருதி சற்றே பிசகுதல் ஆகியவை எளிதில் தீரும் குறைகள். அவற்றைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். முறிந்த தலையும் முறுகிய கழுத்தும் விலையைக் குறைத்தாலும் தீராதவை.

பெயரும் விலையும்

கிப்சன் என்ற பெயர் பொறித்த கிற்றார் சில நூறு யூரோவுக்குக் கிடைத்தால் மகிழ வேண்டாம், ஐயுற வேண்டும். கழுத்துக்கம்பியின் முனையை மூடும் மணிவடிவத் தகடு உண்மையான கிப்சனில் இரு திருகாணிகளால் பூட்டப்பட்டிருக்கும். போலிகள் பலவற்றில் மூன்று இருக்கும். அந்நிறுவனம் 1957இல் வாங்கிய எபிபோன் என்ற பெயரில் வரும் அரைக்கூட்டுக் கிற்றார்களும், ஜப்பானிய ஐபானெஸ் நிறுவனத்தின் ஆர்ட்கோர் வரிசையும் நம்மவர் கைக்கு எட்டுபவை. எங்கும் அறியப்பட்டவை ஆகையால் விரைவில் விலைபோகும். அரிய பெயர் கொண்டது உயர்ந்த விலைக்கு விற்கலாம், ஆனால் அதை விரும்புபவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். அவசரத்துக்குக் காசு தேவைப்படுவோர்க்கு அது ஏற்றதன்று.

விளம்பரத்தில் கேட்கும் விலை ஒன்று, விற்றுமுடிந்த விலை வேறொன்று. ஒரே வகைக் கிற்றார் ஐந்தாறு எவ்விலைக்கு உண்மையில் கைமாறின என்று தேடிப் பார்த்து, அவற்றின் நடுவிலையைக் கொள்க. உறையுடன் கூடியதும், கழற்றிய பழைய பாகங்களையும் சேர்த்துக் கொடுப்பதும் நல்ல விலை பெறும். நிறம் மாற்றிப் பூசியது விலை இழக்கும். எனவே பிள்ளைகள் அதில் படம் ஒட்டவோ வர்ணம் பூசவோ இடமளிக்க வேண்டாம். குளிர்காலத்தில் சூடேற்றியின் அருகே சாத்தி வைக்கவும் வேண்டாம். காய்ந்த வெப்பத்தில் மரம் சுருங்கி, மெட்டுகளின் முனைகள் கையைக் கீறும்.

எழுத்தில் இருக்கட்டும்

தொழிலாக விற்கும் கடையினர் பழைய பொருளுக்கும் ஓராண்டுக்குக் குறையாத பொறுப்பு ஏற்க வேண்டும். தனியாள் விற்பின் அப்பொறுப்பை விலக்கி எழுதலாம். எவரிடம் வாங்கினும் விற்பவரின் பெயர், முகவரி, கிற்றாரின் தொடரிலக்கம், விலை, திகதி ஆகியவற்றை எழுதிக் கையொப்பம் பெறுக. இங்கு திருட்டுப்பொருளை அறியாமல் வாங்கினாலும், ஜேர்மன் குடியியற் சட்டக்கோவையின் 935ஆம் பிரிவின்படி அது வாங்கியவருக்கு உரித்தாகாது. பொருளும் போகும், காசும் போகும், வதிவிட விண்ணப்பம் நிலுவையில் உள்ள வேளையில் பொலிஸ் விசாரணையும் வரும். நாளை நீங்கள் விற்கும்போதும் அந்தக் கடதாசியே உங்களுக்குச் சாட்சி.

இன்னுமொன்று. சமூக உதவியோ ஏதிலிகளுக்கான உதவியோ பெறும் குடும்பங்களில் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் இசை வகுப்பு முதலியவற்றுக்கு மாதம் 15 யூரோ பெற வழியுண்டு. கேட்டால்தான் கிடைக்கும். உரிய அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள்.

மடல் எழுதிய சகோதரிக்கு நாம் கூறுவது இதுதான். முற்பணம் கொடுக்க வேண்டாம். மகனையும், இயலுமாயின் பாடசாலையின் இசை ஆசிரியரையும் அழைத்துச் சென்று மேற்கூறியவாறு சோதியுங்கள். தலையும் கழுத்தும் நலமாக இருந்து, விலையும் நடுவிலைக்கு மேற்படாதிருந்தால் வாங்கிக் கொடுங்கள். பேச்சுக்கு, 380 யூரோவுக்கு வாங்கியதை ஈராண்டின் பின் 330 யூரோவுக்கு விற்க நேர்ந்தாலும், மாதம் இரண்டு யூரோ அளவில் பிள்ளை ஒரு நல்ல வாத்தியத்தைப் பயின்றிருப்பான். தகப்பனாரிடமும் இக்கணக்கைச் சொல்லுங்கள். வாங்கும் நாளில் அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பொன்னை உரைத்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கழுத்தின் பின்புறத்துப் புதுப்பூச்சு தப்பாது.

வாங்கியபின் அந்தப் பிள்ளை எதை வாசிக்கிறான் என்று ஒரு வரி எழுதுங்கள். வாசகர்களுக்கும் அறியத் தருவோம்.

அடுத்த கிழமை: வீடு மாறும்போது மின்மானி வாசிப்பைக் குறித்து வைப்பது எப்படி?