பெட்டிக்குள் பாதிதான் இருக்கும்

கண்காட்சிக்கு மாடல் கேட்டால் கடையில் முடித்து வாங்கிக் கொடுக்கிறோம். பிள்ளை அதில் என்ன படிக்கும்?

இம்முறை வகுப்பில் பழைய வெக்யூம் ஃபோர்ம் கிட் ஒன்றை எடுத்தோம். விக்கர்ஸ் வில்டபீஸ்ட், 1/72. 1939இல் நம் சீனக்குடாவில் 273ஆவது ஸ்குவாட்ரனிடம் இருந்த விமானம். பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அச்சில் உறிஞ்சியெடுத்த உருவம் மட்டுந்தான். வெட்டி, தண்ணீர் தொட்டு சேண்ட் பேப்பரில் தேய்க்க வேண்டும். கூடத் தேய்த்தால் உடல் ஒல்லியாகிவிடும் (ஒரு பாதியை அப்படித்தான் கெடுத்தோம்). சில்லும் இல்லை, இறக்கைக் கம்பும் இல்லை.

"ஏமாத்திட்டாங்க ஸேர்" என்றார் ஒரு வாப்பா. இல்லை வாப்பா, இல்லாததுதான் பாடம். பழைய போட்டோ தேடினார்கள். இறக்கை 49 அடி என்றால் சில்லு எவ்வளவு என்று அளந்து 72ஆல் வகுத்தார்கள். பின்னப் பாடத்தில் தூங்கும் பிள்ளைதான் முதலில் விடை சொன்னது.

புள்ளித்தாளில் அழகுக்கு இடமிருக்கிறது, தேடலுக்கு இல்லை. அதை மாற்றத்தான் கேட்கிறோம்.